வந்து போன வியாதி

இலக்கண வகுப்பில் பிள்ளைகளுக்கு வருஷந்தோறும் நான் சொல்லிக் கொடுக்கும் பாடங்களில் காலம் என்பது ஒன்று. 'செய்தான்' என்றால் இறந்த காலம். 'செய்கிறான்' என்றால் நிகழ் காலம். 'செய்வான்' என்றால் எதிர் காலம். பகுதி மாறுவதில்லை, விகுதியும் மாறுவதில்லை. நடுவில் ஒளிந்து நிற்கும் இடைநிலை என்ற சிறு துணுக்கு ஒன்றுதான் மாறுகிறது. அது மாறினால் அர்த்தமே வேறாகிவிடும். இருபது வருஷமாக இதைக் கரும்பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். ஆனால் வியாதிகளுக்கும் இந்த இலக்கணம் உண்டென்பதும், அதில் பிழை நேர்ந்தால் இரண்டு மதிப்பெண் குறைவதோடு காரியம் முடியாதென்பதும் சமீப காலத்தில்தான் எனக்குத் தெரிந்தன.

என் தாயாருக்கு இப்போது 76 வயது. 2022-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் அவருக்குக் குளிருடன் ஜுரம் கண்டது. முதுகில் ஒரு பக்கமாக வலி. சிறுநீர் கழிக்கும்போது தாங்க முடியாத எரிச்சல். ஊர்ப் பெண்டிர் நீர்க்கடுப்பு என்றார்கள். மோரும் இளநீரும் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தும் பார்த்தோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தியோடோர் எஷெரிக் என்ற வைத்தியர் 1885-ஆம் வருஷத்தில் கண்டுபிடித்த ஈ.கோலை என்னும் கிருமிதான் அதில் வளர்ந்திருந்தது. நம் குடலில் சாதுவாக வாழ்ந்துவரும் இந்தக் கிருமி வழி தவறிச் சிறுநீர்ப் பாதையில் ஏறிவிட்டால் வியாதியாகிவிடுகிறது. இத்தகைய தொற்றுக்களில் முக்கால் பங்குக்கு இதுவே காரணம். ஊசி மருந்து ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் அம்மா எழுந்து நடமாடி, ஆஸ்பத்திரிக் காப்பியைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினார். பூரண குணம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தின் தலைப்பில் 'யூ.டி.ஐ.' என்று மூன்றே எழுத்துக்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. எல்லாக் குடும்பங்களிலும் உள்ள வழக்கப்படி அக்காகிதத்தை மஞ்சள் பையில் போட்டுப் பீரோவின் மேல் வைத்தோம்.

மறு வருஷம் மார்கழியில் ஒரு நாள் காலை அம்மா என்னை, இறந்துபோன என் சித்தியின் பெயரால் அழைத்தார். நடை தள்ளாடியது. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. கண் மூடிக் கண் மூடி விழித்தார். மஞ்சள் பையையும் அம்மாவையும் தூக்கிக்கொண்டு வேறோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதன் பெயரைச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அங்கிருந்தவர்கள் பொல்லாதவர்களும் அல்லர். இரவு முழுவதும் கண் விழித்திருந்த ஓர் இளம் டாக்டர் பையைப் பிரித்தார். மேலே இருந்த காகிதத்தைப் பார்த்தார். புதுக் காகிதத்தில் தாமும் 'யூ.டி.ஐ.' என்று எழுதினார். வருஷம் எழுதவில்லை. 'முன்பு இருந்தது' என்றும் எழுதவில்லை. சிறுநீரைச் சோதித்ததில் கிருமிகளும் இருக்கவே, சந்தேகம் தீர்ந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து ஏறத் தொடங்கியது. அடுத்த வேளைக்கு வந்தவர் முன்னவர் எழுதியதையே எழுதினார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தன. அம்மாவின் மயக்கம் அதிகமாயிற்றேயன்றிக் குறையவில்லை.

மூன்றாம் நாள் தலை நரைத்த டாக்டர் ஒருவர் வந்தார். காகிதத்தைப் பார்ப்பதற்கு முன் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "ஜுரம் இருந்ததா, அம்மா?" இல்லை என்றேன். "எரிச்சல்? வலி? அடிக்கடி போக வேண்டுமென்ற தொந்தரவு?" ஒன்றும் இல்லை. "அப்படியானால் எதற்காக இந்த மருந்து?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, கட்டின் அடியில் கிடந்த இரத்தப் பரிசோதனைத் தாளை உருவினார். இரத்தத்தில் இருக்க வேண்டிய ஸோடியம் உப்பு மிகவும் குறைந்திருந்தது. இரத்த அழுத்தத்துக்காக அம்மா சாப்பிட்டு வந்த, நீர் பிரிய வைக்கும் மாத்திரை செய்த வேலை அது. மாத்திரையை நிறுத்தினார்கள், உப்பை அவசரப்படாமல், அளவறிந்து சீராக்கினார்கள். ஐந்தாம் நாள் அம்மா என் பெயரைச் சொல்லி அழைத்தார். அந்த ஐந்து நாட்களை நான் மறக்கமாட்டேன். அவற்றில் இரண்டு நாட்கள் வீணாகப் போனவை.

சிறுநீரில் கிருமி இருந்ததே, அது வியாதியல்லவா என்று நேயர்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். அல்லவாம். வயது முதிர்ந்த ஸ்திரீகள் பலருக்குச் சிறுநீரில் கிருமிகள் யாதொரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கின்றன. முதியோர் இல்லங்களில் வசிக்கும் பெண்களில் நான்கில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை இப்படி இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சிறுநீர்க் குழாய் மாதக் கணக்கில் வைக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே இருக்கும். எரிச்சலோ ஜுரமோ இல்லாதபோது அக்கிருமிகளைக் கொல்வதால் நன்மை இல்லை. மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்த்துவிடும் தீமைதான் உண்டு. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் சில வகைச் சஸ்திர சிகிச்சைகளுக்குப் போகிறவர்களும் மட்டும் விலக்கு. முதியவருக்குப் புத்தி தடுமாறும்போது, நீர்த் தொந்தரவின் அடையாளம் வேறொன்றும் இல்லையானால், முதலில் மற்றக் காரணங்களைத் தேட வேண்டுமென்று அமெரிக்கத் தொற்றுநோய் வைத்தியர்களின் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. என் தாயார் விஷயத்தில் தேட வேண்டிய காரணம் அதே கட்டில், நான்கு தாள்களுக்கு அடியில் இருந்தது.

அம்மா தேறி வந்த நாட்களில் என் பழைய மாணவி ஒருத்தி பார்க்க வந்தாள். விலங்கியல் படித்துப் பட்டம் பெற்றவள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய கட்டடத்தில் அவளுக்கு உத்தியோகம். என்ன உத்தியோகம் என்று அவளுடைய பாட்டியிடம் கேட்டால், "வெள்ளைக்காரனுடைய வியாதிக்கு நம்பர் போடுகிறாள்" என்பார். பாட்டி சொல்வதில் பிழை அதிகம் இல்லை. அமெரிக்க டாக்டர் தம் நோயாளியைப் பற்றி எழுதிய குறிப்பை இவள் வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு வியாதிக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை இடுகிறாள். அக்குறியீட்டைப் பார்த்துத்தான் அங்குள்ள இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கான பட்டதாரிகளுக்கு இன்று இதுவே ஜீவனம்.

மஞ்சள் பையின் கதையை அவளிடம் சொன்னேன். காகிதங்களை வாங்கிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "டீச்சர், எங்கள் ஆபீஸில் நான் இப்படிச் செய்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போது இருக்கும் தொற்றுக்கு 'என் 39.0' என்று ஒரு குறியீடு. முன்பு வந்து குணமாகிப் போன தொற்றுக்கு 'இஸட் 87.440' என்று வேறொரு குறியீடு. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் பெரிய பிழை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கரும்பலகையில் எழுதும் இடைநிலையல்லவா இது! 'என்' என்பது ஆங்கில எழுத்து என்று அறிவேன். ஆனாலும் தமிழ்க் காதுக்கு 'என்னுடையது' என்றே ஒலிக்கிறது. என்னிடம் இப்போது இருக்கும் வியாதி அது. 'இஸட்' ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்து, முடிந்துபோனது. இந்த அர்த்தங்களை நானாகக் கற்பித்துக்கொண்டேன். குறியீடு வகுத்தவர்களுக்கு இதில் சம்பந்தமில்லை.

அப்புறம் அவள் விதிகளைச் சொன்னாள். வியாதி இப்போது இல்லை. அதற்கு இப்போது மருந்தும் இல்லை. ஆனால் திரும்பி வரக்கூடும், ஆகையால் கவனித்துவர வேண்டும் என்று இருந்தால்தான் 'இஸட்' எழுத்தில் உள்ள பழைய சரித்திரக் குறியீட்டை இட வேண்டும். எரிச்சல் நின்றுவிட்டாலும் மருந்து இன்னும் இரண்டு நாளைக்குப் பாக்கியிருந்தால் வியாதி நடப்பில் இருப்பதாகவே கணக்கு. ஆஸ்பத்திரியில் தங்காமல் வந்து போகிற நோயாளியைப் பற்றி டாக்டர் 'தொற்றாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தால், அதைத் தொற்று என்று எழுதக் கூடாது. எரிச்சல், ஜுரம் என்று கண்டதை மட்டும் எழுத வேண்டும். 'யூரோஸெப்ஸிஸ்' என்று டாக்டர்கள் சிலர் எழுதும் ஒரு சொல்லுக்குக் குறியீடே இல்லையாம். சிறுநீர்த் தொற்றையும் அது குறிக்கலாம், உயிருக்கு ஆபத்தான இரத்தத் தொற்றையும் குறிக்கலாம்; எழுதியவரையே திருப்பிக் கேட்க வேண்டும். "நாமாக ஊகிக்க உரிமை இல்லை, டீச்சர்" என்றாள். பரீட்சைத் தாள் திருத்தும் எங்களுக்குக்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை.

இந்த வழக்கம் எப்படித் தோன்றியது என்று தேடிப் படித்தேன். 1662-இல் லண்டனில் ஜான் கிரான்ட் என்ற ஜவுளி வியாபாரி, மாதாகோவில்களின் மரணக் குறிப்புக்களை எண்ணி, யார் எதனால் இறந்தார் என்று கணக்கெடுத்தார். 1839 முதல் வில்லியம் பார் என்பவர் இங்கிலாந்தின் மரணப் பதிவுக் காரியாலயத்தில் இருந்துகொண்டு, ஒரே வியாதிக்கு நான்கு பெயர்களும் ஒரே பெயருக்கு நான்கு வியாதிகளும் இருந்தால் கணக்கு உருப்படாது என்று வாதாடினார். பிறகு பாரிஸ் நகரத்தின் ஜாக் பெர்த்தியோன் தயாரித்த மரணக் காரணப் பட்டியலை 1893-இல் உலகப் புள்ளிவிவர அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் கூடிய இடம் சிகாகோ! ஆம், சென்னை நண்பர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்துடன் சுவாமி விவேகானந்தர் சென்று முழங்கிய அதே ஊர், அதே வருஷம். ஆத்மாவைப் பற்றிப் பேசியவர்களை நமக்குத் தெரியும். சரீரத்துக்குப் பட்டியல் போட்டவர்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இந்தப் பெர்த்தியோனின் சகோதரர் அல்போன்ஸ், குற்றவாளிகளின் அங்கங்களை அளந்து அடையாளம் காணும் முறையை வகுத்தவர். ஒருவர் திருடனைப் பிடித்தார், ஒருவர் வியாதியைப் பிடித்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

1948-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இப்பட்டியலின் ஆறாவது திருத்தத்தை வெளியிட்டபோதுதான், மரணத்துக்கு மட்டுமின்றி உயிரோடிருப்பவர்களின் வியாதிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. பத்தாவது திருத்தம் 1990-இல் ஏற்கப்பட்டது. அமெரிக்கர்கள் அதைத் தங்களுக்கேற்ப விரித்து 2015 அக்டோபர் முதல் வழங்குகிறார்கள். பதினோராவது திருத்தம் 2022-இல் உலக அளவில் அமுலுக்கு வந்துவிட்டது. ஆனாலும் என் மாணவி பத்தாவதை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறாள். அதில் சுமார் 70,000 குறியீடுகள். வாத்து மோதிக் காயம் பட்டவனுக்கும் அதில் ஓர் எண் உண்டு. வாத்தைப் பற்றி இத்தனை அக்கறை எதற்கு என்று சிரிக்கலாம். நான் சிரித்துவிட்டு, இரவு படுக்கையில் யோசித்துப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் முகம் தெரியாத ஓர் அமெரிக்கக் கிழவியின் வியாதி இறந்த காலமா நிகழ் காலமா என்பதை நம் ஊர்ப் பெண் ஒருத்தி கண் வலிக்கப் பார்த்துப் பிழையில்லாமல் எழுதுகிறாள். அவளுடைய சொந்த ஊரில், அவளுடைய டீச்சரின் தாயாருக்கு அதை எழுதி வைக்க ஆள் இல்லை. இங்கும் பெரிய ஆஸ்பத்திரிகளின் ஆவண அறைகளில் இக்குறியீடுகள் வழங்குவது உண்டு. ஆனால் நோயாளியின் கைக்கு வரும் காகிதத்தில் அந்த ஜாக்கிரதை இறங்கி வருவதில்லை. நமது சர்க்கார் 2021-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் விரும்பியவர்கள் 14 இலக்க எண் ஒன்றைப் பெற்று வைத்தியக் குறிப்புக்களை இணைத்து வைக்கலாம். நல்ல ஏற்பாடுதான். எண்ணில் பதினான்கு இலக்கம் இருந்தும், உள்ளே 'யூ.டி.ஐ.' என்று மூன்று எழுத்து மட்டும் இருந்தால் என் தாயாரின் மஞ்சள் பைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பழைய வியாதியை அடியோடு மறந்துவிடலாம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. மறதியும் அதே அளவு கெடுதல் செய்யும். இத்தொற்று பெண்களைத் தேடி வரும் வியாதி. ஆண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் 20 சென்டிமீட்டர் அளவு நீளம். பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். கிருமிக்கு அது ஒரு தூரமா? பெண்களில் பாதிப் பேருக்கு ஆயுளில் ஒரு முறையாவது வருகிறது. வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடியும் வருகிறது. ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, வருஷத்தில் மூன்று முறையோ வந்தால் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று அதைத் தனியாக வைத்து டாக்டர்கள் யோசிக்கிறார்கள். அப்போது கல் இருக்கிறதா, சர்க்கரை வியாதி உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். சென்ற முறை எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது மசிந்தது, எதற்கு மசியவில்லை என்பது தெரிந்தால் இந்த முறை மருந்து தேர்ந்தெடுப்பது சுலபம். தெரியாவிட்டால் குருட்டடிதான்.

மறுபடி வராமல் தடுக்க வழியுண்டா? அதிகம் செலவில்லாத வழியொன்று உண்டு. 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அடிக்கடி தொற்றால் துன்புற்றவர்களும் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுமான 140 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வழக்கமாகக் குடிப்பதற்கு மேல் தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல பயன் தருவதாக 1993-லேயே ஓர் ஆராய்ச்சி காட்டியது. அதை டாக்டரைக் கேட்டுத்தான் உபயோகிக்க வேண்டும். வெட்கத்தினால் கேட்காமல் இருந்துவிடுகிறவர்கள் நம்மில் அதிகம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் வகுப்புப் பெண்களில் பலர் காலையில் கொண்டுவரும் தண்ணீர்ப் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள். தாகம் இல்லாமல் அல்ல. தண்ணீர் குடித்தால் போக வேண்டும். போக வேண்டிய இடத்தின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் ஜலம் இல்லை. ஆசிரியைகளாகிய நாங்களும் அவ்வாறே பழகிவிட்டோம். நீதிபோதனை வகுப்பில் சுத்தம் சோறு போடும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, நாக்கு வறளப் பெண்கள் வீடு திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெற்றோர் சங்கக் கூட்டங்களில் ஆண்டு விழா மேடையைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிக்கும் கனவான்கள், தாழ்ப்பாளைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினால் புண்ணியமாயிருக்கும்.

ஒரு முறை தொற்று வந்தவர்கள் மறுபடி எரிச்சல் கண்டால், பீரோவில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை விழுங்கிவிடக் கூடாது. மருந்து உள்ளே போவதற்கு முன்பே கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைச் சுத்தமான குப்பியில் பிடிக்க வேண்டும். குளிர் ஜுரம், முதுகு வலி, வாந்தி கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சர்க்கரை வியாதிக்காரர்களும் எரிச்சல் மட்டும் இருந்தாலே போக வேண்டியவர்கள். ஆண்களுக்கும் அப்படியே. ஆனால் குணமாகி, தொந்தரவு ஒன்றும் இல்லாமல் இருக்கும்போது, "எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று சோதனைச் சாலைக்கு ஓடிக் கிருமியைத் தேடுவது பெரும்பாலும் வீண் செலவு. தேடினால் கிடைக்கும், கிடைத்தால் மருந்து கொடுக்கத் தோன்றும். அம்மாவுக்கு நேர்ந்தது அதுதான்.

மாணவி சொல்லிப் போன பிறகு, அம்மாவுக்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் இப்படி எழுதினேன்: 'சிறுநீர்ப் பாதைத் தொற்று. 2022 ஜூன் மாதம் வந்தது. அதே மாதம் குணமாயிற்று. இப்போது இல்லை. கிருமி ஈ.கோலை. ஸிப்ரோஃப்ளாக்ஸஸினுக்கு மசியாது, நைட்ரோஃபுரான்டாயினுக்கு மசியும்.' மஞ்சள் பையிலிருந்த பழைய கல்ச்சர் தாளைப் பார்த்து எழுதியதுதான். அடுத்த பக்கத்தில் ஸோடியம் குறைந்த கதையும், காரணமான மாத்திரையின் பெயரும். அதற்கு அடுத்த பக்கத்தில் இப்போது சாப்பிடும் மருந்துகள்.

2024 ஆவணியில் அம்மாவுக்கு மெய்யாகவே மறுபடி எரிச்சல் கண்டது. ஜுரம் இல்லை, புத்தி தெளிவாகத்தான் இருந்தது. எங்கள் தெருக்கோடி டாக்டரிடம் நோட்டைக் கொடுத்தேன். ஸிப்ரோஃப்ளாக்ஸஸின் என்று எழுதப் பேனாவை எடுத்தவர், முதல் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேனாவை வைத்தார். கல்ச்சருக்கு அனுப்பினார். சிறுநீரகங்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று இரத்தத்தில் பார்த்த பிறகு, நைட்ரோஃபுரான்டாயினை ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். நான்கு நாள் கழித்து வந்த கல்ச்சர் தாளிலும் பழைய கதையேதான்: அதே கிருமி, அதே பிடிவாதம். ஆனால் அதற்குள் அம்மாவுக்கு எரிச்சல் நின்றுவிட்டது.

ஐந்தாம் நாள் கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு, "நோட்டில் எழுதிவிட்டாயா?" என்று கேட்டார்.

"எழுதிவிட்டேன், அம்மா. ஆகஸ்டில் வந்தது என்று."

"வந்ததைத்தான் எல்லோரும் எழுதுகிறார்களே! போனதை எழுதினாயா?" என்றார்.

பேனாவைத் தேடிக்கொண்டு போனேன்.